பேட்டரி வேண்டாம், வெளிச்சம் போதும்: ரகசியத் தகவலைப் பிடிக்கும் ஒளி டிடெக்டர்... சிவகாசி மருந்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்குள் போக வேண்டுமென்றால், முதல் வேலை செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவதுதான். தீப்பெட்டி, பீடி, சிகரெட்டுக்கு எப்படித் தடையோ அப்படித்தான் போனுக்கும். மருந்து அறைக்குப் பக்கத்தில் கரன்ட் சம்பந்தப்பட்ட எதையும் யாரும் விரும்புவதில்லை. ஒரு சின்னப் பொறி போதும், அவ்வளவுதான்.

இப்போ ஒரு கேள்வி. அந்த அறைக்குள் போன் இல்லை, பேட்டரி இல்லை, கரன்ட் ஒயரும் இல்லை. உள்ளே ஏதோ தப்பாக நடக்கிறது என்ற தகவல் வெளியே வரணும்னா எது வழியா வரும்?

வெளிச்சம் வழியா வரலாம். ஒளியைப் பார்த்ததும், வெளியில் இருந்து எந்த மின்சாரமும் வாங்காமல், தானே ஒரு சின்ன மின் சிக்னலை உண்டாக்கும் கருவிகள் இருக்கின்றன. 'செல்ஃப் பவர்டு பிராட்பேண்ட் போட்டோ டிடெக்டர்' என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடந்த சில வருஷங்களாக உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதைப் பற்றிக் கட்டுரைகள் குவிகின்றன. பெரும்பாலும் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: 'பாதுகாப்பான ஒளித் தகவல் தொடர்புக்குப் பயன்படும்.' அது நம்ம நியூஸ் டெஸ்க்குக்கு வந்து சேரும்போது 'ஹேக்கர்களால் உடைக்கவே முடியாத டெக்னாலஜி' என்று மாறிவிடும்.

தானே இயங்கும், எல்லா வெளிச்சத்தையும் பார்க்கும், பாதுகாப்பானது என்று மூன்று விஷயம் சொல்கிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைத்தான் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும்.

ஒளி டிடெக்டர்னா என்ன?

ஒளி பட்டால் மின் சிக்னலாக மாற்றும் பொருள். உங்கள் வீட்டு டிவியின் முன்பக்கம், ரிமோட்டைக் காட்டும் இடத்தில் ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் போனின் கேமராவில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சிவகாசிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொன்னால் உடனே புரியும். பாக்கெட் போடும் மெஷினில், பிரின்ட் ஆன உறை சரியான இடத்தில் வெட்டுப்படுவதற்காக ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம் அச்சடித்திருப்பார்கள். அந்த 'ஐ மார்க்' கடந்து போவதைப் பார்த்து மெஷினுக்குச் சொல்வதும் ஒரு ஒளி சென்சார்தான்.

இன்டர்நெட்டும் இதை நம்பித்தான் ஓடுகிறது. ஃபைபர் கேபிளுக்குள் போவது மின்சாரம் இல்லை, ஒளி. வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை எரிந்து அணையும் ஒளி. அந்த முனையில் அதைப் பார்த்து 1, 0 என்று எழுதிக்கொள்ளும் 'கண்' இந்த டிடெக்டர். கண் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய கேபிள் போட்டும் பிரயோஜனம் இல்லை.

பேட்டரி இல்லாமல் எப்படி வேலை செய்யுது?

இதைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டத்துக் கண்மாயே போதும்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அது வயலுக்கு வரணும்னா மோட்டார் போடணும். கண்மாய்க்கு மோட்டார் வேண்டாம். மழை பெய்தால் நிலத்தின் சரிவே தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டு வருகிறது, மடையைத் திறந்தால் அதே சரிவு வயலுக்கு அனுப்புகிறது. சரிவு ஏற்கெனவே அங்கே இருக்கு, யாரும் தள்ள வேண்டாம்.

சாதாரண 'ஒளிக்கடத்தி' வகை டிடெக்டர் கிணறு மாதிரி. ஒளி பட்டால் அதற்குள் எலக்ட்ரான்கள் விடுபடும். ஆனால் அவற்றை ஒரு பக்கமாக ஓட வைக்க வெளியில் இருந்து பேட்டரி தள்ள வேண்டும். தானே இயங்கும் டிடெக்டர் கண்மாய் மாதிரி. இரண்டு வேறு வேறு பொருள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தால், அந்தச் சந்திப்பில் இயல்பாகவே ஒரு மின் சரிவு உண்டாகிறது. ஒளி மழை மாதிரி விழுகிறது, எலக்ட்ரான்கள் சரிவில் தானாக ஓடுகின்றன.

இதுல புதுசு என்னன்னு கேட்டால், இந்த அளவுக்குப் புதுசு எதுவும் இல்லை. வீட்டு மாடியில் இருக்கும் சோலார் பேனல் செய்வது இதே வேலைதான். ஒளி பட்டால் மின் அழுத்தம் உண்டாகிறது என்று பிரான்ஸின் எட்மண்ட் பெக்கரெல் கண்டது 1839-இல். 1876-இல் வில்லியம் ஆடம்ஸ், ரிச்சர்ட் டே என்ற இரண்டு பேர் செலினியம் என்ற திடப்பொருளில், பேட்டரி இல்லாமல், வெறும் ஒளியால் மின்னோட்டம் வருவதைக் காட்டினார்கள். இன்றைக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் போட்டோ டையோடு பேட்டரி இல்லாமலேயே சிக்னல் தரும்.

அப்படின்னா ஆய்வாளர்கள் எதற்கு மெனக்கெடுகிறார்கள்? வேகமும் வேணும், பலவித ஒளியையும் பார்க்கணும், மலிவான பொருளில் மெல்லிய படலமாகப் பூச முடியணும், அதெல்லாம் பேட்டரி இல்லாமல் நடக்கணும். ஒன்று இருந்தால் இன்னொன்று கிடைப்பதில்லை, அதுதான் பிரச்சினை. பேட்டரி தள்ளாததால் இருட்டில் வீணாக ஒழுகும் மின்னோட்டம் ரொம்பக் குறைவு. அதனால் மங்கலான ஒளியும் இரைச்சலில் மூழ்காமல் தெரியும். இது லாபம். நஷ்டம் வேகத்தில். தள்ளும் கை இல்லாததால் எலக்ட்ரான்கள் நிதானமாகத்தான் வரும். டெலிகாம் நிறுவனங்கள் வைத்திருக்கும் பேட்டரி அழுத்தம் கொடுத்த டிடெக்டர்கள் வினாடிக்குப் பல நூறு கோடி பிட்களைப் படிக்கின்றன. ஆய்வகத்தில் பிறக்கும் தானே இயங்கும் டிடெக்டர்கள் பலவும் மைக்ரோ வினாடி, மில்லி வினாடிக் கணக்கிலேயே நிற்கின்றன. அதனால்தான் அந்தக் கட்டுரைகளில் சோதனையாகச் சினிமா அனுப்பாமல், மோர்ஸ் தந்தி மாதிரி நாலு எழுத்தை அனுப்பிக் காட்டுகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சில படிகங்களில் ஒளி விழுந்ததும் வெப்பம் லேசாக ஏறும். அந்த மாற்றமே ஒரு மின் துடிப்பைத் தரும். இதைப் 'பைரோ' விளைவு என்கிறார்கள். பட்டாசுக் கலைக்குப் 'பைரோடெக்னிக்ஸ்' என்று பெயர் இருக்கிறதே, அதே கிரேக்கச் சொல்தான், நெருப்பு என்று பொருள். (தமிழ் படித்தவனுக்கு அறிவியல் டெஸ்க்கில் கிடைக்கும் ஒரே சந்தோஷம் இந்த மாதிரி வேர்ச்சொல்தான்.)

'பிராட்பேண்ட்' என்றால் வீட்டு இன்டர்நெட்டா?

இல்லை. இங்கே அந்தச் சொல்லுக்கு, ஒளியின் பல அலைநீளங்களையும் ஒரே டிடெக்டர் பார்க்கும் என்று அர்த்தம்.

ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்துங்கள். கண்ணுக்குத் தெரிவது வெள்ளையும் மஞ்சளுமான பொறி. அதோடு கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதில் வருகிறது. கையில் சூடாகத் தெரிகிறதே, அது அகச்சிவப்பு. பேன்சி ரக வாண வெடியில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம் என்று உப்புகள் இருக்கின்றன. சோடியத்தின் மஞ்சள் 589 நானோமீட்டர். பச்சைக்குப் பேரியம் போட்டார்கள், 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்த பிறகு சிவகாசிக்கே அது தலைவலியானது, அது தனிக் கதை. ஆக, வானத்தில் ஒரு வெடி வெடித்தால் அது ஒரு ஒளிக் கண்காட்சி. நம் கண்ணுக்கு டிக்கெட் கிடைப்பது நடுவில் இருக்கும் சின்னப் பகுதிக்கு மட்டும். ஏறக்குறைய 380 முதல் 750 நானோமீட்டர் வரை.

சிலிக்கான் கொஞ்சம் பெரிய ஆள். அகச்சிவப்பில் சுமார் 1100 நானோமீட்டர் வரை பார்க்கும். டிவி ரிமோட் அனுப்பும் ஒளி 940 வாக்கில் இருப்பதால் அதைப் பிடித்துவிடும். ஆனால் ஃபைபர் இன்டர்நெட்டில் ஓடும் ஒளி 1310, 1550 நானோமீட்டர். அங்கே சிலிக்கானுக்குக் கண் தெரியாது. அதற்கு இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற விலை கூடிய பொருள் வேண்டும். அதற்கோ புற ஊதா சரிவரத் தெரியாது. ஒரே சில்லு எல்லாவற்றையும் பார்த்தால் எவ்வளவு வசதி என்பதுதான் இந்த ஆய்வுகளின் ஆசை.

இந்த ஆசைக்கு இந்தியாவில் 120 வருஷத்துக்கு மேல் வயது. ஜகதீஷ் சந்திர போஸ் கொல்கத்தாவில் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வைத்து ஒரு டிடெக்டர் செய்தார். 1901-இல் விண்ணப்பித்து, 1904 மார்ச் 29 அன்று அவருக்கு அமெரிக்க காப்புரிமை கிடைத்தது, எண் 755840. ரேடியோ அலை, ஒளி அலை இரண்டையும் உணரும் கருவி என்று அந்தக் காப்புரிமையிலேயே எழுதியிருக்கிறது. ரேடியோவில் இருந்து ஒளி வரை ஒரே கண்! அதைவிட அகலமான 'பிராட்பேண்ட்' கேட்க முடியாது. ஆனால் அவர் சுற்றில் ஒரு மின்கலம் இருந்தது, தானே இயங்கவில்லை. போஸ் கையாண்ட கலீனாவின் வேதிப் பெயர் ஈய சல்பைடு. இன்றைக்கு அதையே நானோ அளவு துகள்களாக்கி, அகச்சிவப்பு வரை பார்க்கும் டிடெக்டர்களில் பூசிப் பார்க்கிறார்கள்.

பட்டாசு மருந்தும் டிடெக்டர் மருந்தும்

இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்த பகுதி இது. 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய 5 பொருள்களைப் பட்டாசில் எந்த வடிவிலும் சேர்க்கக் கூடாது. குறிப்பாகச் சிவகாசியில் இதைக் கண்காணிப்பது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பொறுப்பு.

இதில் ஆன்டிமனி சல்பைடு பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பழைய கூட்டாளி. தீக்குச்சியை உரசும் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸோடு சேர்வது அது. அதே ஆன்டிமனி சல்பைடும் அதன் உறவுக்காரரான ஆன்டிமனி செலினைடும் இன்றைக்குத் தானே இயங்கும் ஒளி டிடெக்டர்களில் நம்பிக்கை தரும் பொருள்கள். ஒளியை நன்றாக உறிஞ்சும், மெல்லிய படலமாகப் பூசினாலே போதும். ஈயமும் இப்படித்தான். போஸின் ஈய சல்பைடு ஒரு பக்கம். இப்போது எல்லோரும் பேசும் பெரோவ்ஸ்கைட் படிகங்களில் பலவற்றிலும் ஈயம் இருக்கிறது. பேரியம்கூட விடவில்லை. பேரியம் டைட்டனேட் என்ற படிகத்தை வைத்துப் புற ஊதாவைப் பார்க்கும் தானே இயங்கும் டிடெக்டர்கள் செய்திருக்கிறார்கள்.

இதை வைத்து 'சிவகாசி மருந்தில் இருந்து சென்சார்' என்று யாராவது தலைப்புப் போட்டால் நம்பாதீர்கள். பட்டாசுக்கு வரும் தூளின் சுத்தம் வேறு, டிடெக்டருக்கு வேண்டிய சுத்தம் வேறு. தீ வைத்தால் எலக்ட்ரானைச் சட்டென்று விடும் தனிமங்கள், ஒளி வைத்தாலும் ஏதோ ஒரு வகையில் அசைந்து கொடுக்கின்றன என்ற அளவில்தான் உறவு. ஈயம் இருந்தால் நச்சுப் பிரச்சினையும் கூடவே வரும். பட்டாசில் காற்றோடு போவது மாதிரி இல்லாமல், இங்கே கண்ணாடிக்குள் அடைத்து வைக்கலாம் என்பது ஒரு சமாதானம். ஆனால் பெரோவ்ஸ்கைட் ஈரத்துக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் கெட்டுப்போகும். ஏசி போட்ட ஆய்வகத்தில் வாழ்ந்தது, கத்திரி வெயிலில் சாத்தூர் தகர ஷெட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு பரீட்சை.

சரி, இது எப்படி 'ரகசியம்' காக்கும்?

ஒளிக்குப் பொதுவாகவே ஒரு நல்ல குணம் உண்டு. சுவரைத் தாண்டாது. வைஃபை சிக்னல் தெருவில் நிற்கிறவருக்கும் கிடைக்கும். அறைக்குள் விளக்கொளி வழியாக அனுப்பும் லைஃபை சிக்னல், கதவை மூடினால் அங்கேயே நின்றுவிடும். லைஃபைக்கு 802.11 பிபி என்ற சர்வதேசத் தரமே 2023-இல் வந்துவிட்டது.

ஆனால் ஒளியை ஒட்டுக் கேட்க முடியாது என்பது கட்டுக்கதை. ஃபைபர் கேபிளை ஓர் இடத்தில் லேசாக வளைத்தால் கொஞ்சம் ஒளி வெளியே கசியும், அதில் ஒரு டிடெக்டர் வைத்தால் போதும். கடலடி ஃபைபர் கேபிள்களில் இருந்து பிரிட்டன் உளவு அமைப்பு மொத்தம் மொத்தமாகத் தகவல் எடுத்ததை 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தினாரே, நினைவிருக்கும்.

இங்கேதான் புது டிடெக்டர்கள் ஒரு வித்தை காட்டுகின்றன. இரண்டு சந்திப்புகளை முதுகோடு முதுகாக வைத்துச் செய்த ஒரு டிடெக்டரை எடுத்துக்கொள்வோம். பச்சை ஒளி பட்டால் மின்னோட்டம் ஒரு திசையில் ஓடும், பிளஸ். அகச்சிவப்பு பட்டால் எதிர்த் திசையில் ஓடும், மைனஸ். கண்மாய்க்கு இரண்டு பக்கமும் சரிவு இருப்பது மாதிரி. பேட்டரி போட்டுத் தள்ளினால் இந்த வித்தை கெட்டுவிடும், எல்லாம் ஒரே பக்கமாக ஓட ஆரம்பிக்கும். தானே இயங்குவது இங்கே கரன்ட் மிச்சம் பிடிக்க மட்டும் இல்லை, வித்தைக்கே அதுதான் ஆதாரம்.

இப்போது அனுப்புகிறவர், 1 என்று சொல்ல பச்சையை மட்டும் எரிக்கிறார். 0 என்று சொல்ல அகச்சிவப்பை மட்டும் எரிக்கிறார். இரண்டின் அளவையும் சமமாக வைக்கிறார். நடுவில் சாதாரண சிலிக்கான் டிடெக்டரை வைத்து ஒட்டுக் கேட்கிறவருக்கு என்ன தெரியும்? எப்போதும் ஒரே அளவில் எரியும் ஒரு விளக்கு. செய்தி போவதே தெரியாது. சரியான டிடெக்டர் வைத்திருப்பவருக்கோ பிளஸ், மைனஸ், மைனஸ், பிளஸ் என்று எழுத்து எழுத்தாக வரும்.

இன்னொரு முறையும் உண்டு. பச்சையில் குழப்பிய செய்தி, அகச்சிவப்பில் அதற்கான சாவி. இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் மின்னோட்டம் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பிளஸும் மைனஸும் அடித்துக்கொண்டு பூஜ்யம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது எக்ஸ்-ஆர் கணக்கு என்று தெரிந்திருக்கும். குழப்பிய செய்தியையும் சாவியையும் சேர்த்து விடை சொல்லும் வேலையை மென்பொருள் இல்லாமல், டிடெக்டரே செய்துவிடுகிறது.

கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் ஒட்டுக் கேட்கிறவர் ஒரு பச்சைக் கண்ணாடி வடிகட்டியை டிடெக்டர் முன்னால் வைத்தால்? முதல் முறை அங்கேயே முடிந்தது, பச்சை எப்போது எரிகிறது என்று அவருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது முறையில் செய்தியும் சாவியும் ஒரே பாதையில் போனால் அதுவும் அப்படித்தான். பூட்டையும் சாவியையும் ஒரே பார்சலில் கட்டி ஒரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பின கதை. சாவி வேறு வழியாக, யாருக்கும் கிடைக்காமல் முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் மட்டும்தான் ரகசியம் நிற்கும். அப்படிச் சேர்ந்திருந்தால், சாதாரண டிடெக்டரிலும் ரகசியம் நிற்கும்.

அதனால் இதை 'மறைத்து வைத்தல்' என்று சொல்லலாம், 'உடைக்க முடியாத பூட்டு' என்று சொல்லக் கூடாது. கூடுதலாக ஒரு திரை என்ற அளவில் பயன் இருக்கிறது. உங்கள் வங்கி ஆப் உபயோகிக்கும் கணித என்கிரிப்ஷனுக்கு இது மாற்று இல்லை.

இந்தியாவில் நிஜமாகவே ஒளியில் ரகசியம் அனுப்பியிருக்கிறார்களா?

அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் அது வேறு முறை. 2021 மார்ச் 19 அன்று அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மைய வளாகத்தில், 300 மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, வெட்டவெளியில் ஒளி வழியாகக் குவாண்டம் சாவியை அனுப்பி, அதை வைத்து வீடியோ கான்ஃபரன்ஸை என்கிரிப்ட் செய்து காட்டினார்கள். 2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜ், விந்தியாசல் நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல், ஏற்கெனவே போட்டிருந்த சாதாரண ஃபைபரிலேயே இதைச் செய்தார்கள். மத்திய அரசு 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்த தேசியக் குவாண்டம் திட்டத்தின் மதிப்பு 6,003 கோடி ரூபாய்க்கு மேல். அதில் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில், சி-டாட் நிறுவனத்தோடு சேர்ந்து.

குவாண்டம் முறையில் சாவியை ஒளித்துகள் ஒன்று ஒன்றாக அனுப்புவார்கள். நடுவில் யாராவது தொட்டால் துகளின் நிலை மாறும், பிழை எண்ணிக்கை ஏறும், ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடும். பாதுகாப்பு இயற்பியல் விதியில் இருக்கிறது. அந்த ஒற்றைத் துகளைப் பிடிக்கும் டிடெக்டர்களுக்கு அதிக மின் அழுத்தம் வேண்டும், பலவற்றுக்குக் கடும் குளிரூட்டலும் வேண்டும். அதாவது அவை 'தானே இயங்குபவை' கிடையாது. செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். பேட்டரி வேண்டாத டிடெக்டர் வேறு, குவாண்டம் டிடெக்டர் வேறு.

வெட்டவெளி ஒளித் தொடர்பில் வேறு ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1880-இல் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூட மாடியில் இருந்து 213 மீட்டர் தூரத்துக்குச் சூரிய ஒளியில் வந்த குரலைக் கேட்டார். பேசினால் அதிரும் கண்ணாடி, அந்தப் பக்கம் செலினியம் டிடெக்டர். மேகம் வந்தால் பேச்சு போச்சு. இன்றைக்குக் காங்கோ நதியைத் தாண்டி கூகுளின் தாய் நிறுவனம் அமைத்த 'தாரா' லேசர் இணைப்பு 2021-இல் 20 நாளில் ஏறக்குறைய 700 டெராபைட் தகவலைக் கடத்தியது. அதற்கும் மூடுபனி என்றால் இன்னும் சிரமம்தான்.

சிவகாசிக்கு இதனால் என்ன?

ரகசியத்தைவிட, தீயைப் பார்ப்பதில்தான் இங்கே வேலை இருக்கிறது.

சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர்கள் கூடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஓர் அறையில் பிடிப்பது அடுத்த அறைக்குத் தாவுகிறதா என்பதில்தான் உயிர்ச்சேத எண்ணிக்கை மாறுகிறது. அடுத்தடுத்த அறைகளில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஓரிரு வினாடி பெரிய விஷயம்.

புகை டிடெக்டர் இங்கே உதவாது, புகை வரும் முன்னே எல்லாம் முடிந்திருக்கும். ஒளி மட்டும்தான் அவ்வளவு வேகம். சூரிய ஒளியில் 280 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா தரைக்கு வருவதில்லை, ஓசோன் நிறுத்திவிடும். அதனால் அந்தப் பகுதியை மட்டும் பார்க்கும் டிடெக்டர் பட்டப்பகலிலும் வெயிலைக் கண்டு ஏமாறாது. அங்கே ஒளி தெரிந்தால் பெரும்பாலும் தீ அல்லது மின் பொறி. அதோடு அகச்சிவப்பையும் சேர்த்துப் பார்த்தால் பொய் எச்சரிக்கை குறையும். அகன்ற பட்டை டிடெக்டரின் பலம் நேரடியாகப் பயன்படும் இடம் இது. அமெரிக்காவின் தீப் பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 15-இல் 'அதிவேக நீர்த் தெளிப்பு' என்று ஒரு வகை உண்டு. ஒளியைப் பார்த்ததில் இருந்து 100 மில்லி வினாடிக்குள் தண்ணீர் வர வேண்டும். வெடிமருந்து, பட்டாசு மருந்து கையாளும் ஆலைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டிவிடலாமா? சிக்கல் இருக்கிறது. அலுமினியத் தூள் கலந்த வேகமான மருந்து எரிந்து முடிய 100 மில்லி வினாடி தேவையே இல்லை, தண்ணீர் வருவதற்குள் அது வெடித்திருக்கும். மெதுவாக எரியும் கலவைக்கும், பக்கத்து அறையைக் காப்பதற்கும்தான் பயன். இன்னொன்று, ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகச் சூடேறும். தப்பான எச்சரிக்கையில் தண்ணீர் கொட்டினால் அதுவே அடுத்த ஆபத்து. ஆக, தண்ணீரைவிட முதலில் சைரன், ஓடுவதற்கான எச்சரிக்கை. அதற்கு டிடெக்டர் போதும்.

'தானே இயங்கும்' என்ற சொல்லையும் இங்கே அளந்து வாங்கணும். டிடெக்டர் தானே இயங்கும். அது தரும் சிக்னலோ துளி, மைக்ரோ ஆம்பியர், நானோ ஆம்பியர் கணக்கு. சைரனை அலற வைக்க ஆம்ப்ளிஃபயர் வேணும், அதற்குக் கரன்ட் வேணும். அந்தப் பகுதியை மருந்து அறைக்கு வெளியே தள்ளி வைத்து, உள்ளே வெறும் டிடெக்டரையோ, ஒளியை வெளியே கொண்டுவரும் ஃபைபர் முனையையோ மட்டும் வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஃபைபர் கண்ணாடி, அதில் பொறி வராது.

ஒளி என்றாலே ஆபத்து இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். குவித்த லேசர் ஒளி தூசியையும் வாயுவையும் பற்ற வைக்கும். அதற்காகவே ஐ.இ.சி. 60079-28 என்ற சர்வதேசத் தரம் தனியாக இருக்கிறது. ஒளியைப் பார்க்கும் டிடெக்டர் சாது, ஒளியை அனுப்பும் விளக்குக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

டிவி ரிமோட்டைப் போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் ஒளி, பல போன்களில் ஸ்கிரீனில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியாமல் போகலாம், அங்கே அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு சாதாரண சிவப்பு எல்இடியின் இரண்டு கால்களிலும் மீட்டரின் முனைகளை வைத்து, டிசி வோல்ட்டில் திருப்பி, எல்இடியின் தலையை நேர் வெயிலுக்குக் காட்டுங்கள். பேட்டரி எதுவும் இல்லாமலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும். விளக்காக விற்கும் பொருளே, திருப்பிப் போட்டால் டிடெக்டர். விரலால் எல்இடியை மூடுங்கள், எண் சட்டென்று இறங்கும். எடுங்கள், ஏறும். மோர்ஸ் தெரிந்தவராக இருந்தால் உங்கள் பெயரையே அனுப்பிப் பார்க்கலாம்.